ஞாயிற்றுக்கிழமை சார்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சமஸ்தானம் போய் ஆறேழு வருடங்கள் ஆகியிருந்தன. தலைநகராக இருந்த புதுக்கோட்டை, திருச்சி ஜில்லாவில் ஓர் ஊர் என்று ஆகிவிட்டது. பெரிய ஆபீஸ்கள் திருச்சிக்குப் போயின. வழக்குகளும் அவற்றின் பின்னாலேயே போயின. சட்டம் படித்துவிட்டு வந்த நான் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். அவர் ஊரில் இருந்த ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குச் செயலாளர். இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் இருந்தன, பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை. அதனால் படித்த இளைஞர்கள் சிலரை ஞாயிறுதோறும் வரச்சொல்லி, ஆளுக்கொரு பையனை ஒப்படைப்பது என்று அவர் ஏற்பாடு செய்தார். பாடம் சொல்லிக்கொடுக்கலாம், உலவ அழைத்துப் போகலாம், பேசிக்கொண்டிருக்கலாம். பையன்கள் எங்களுக்கு வைத்த பெயர் ஞாயித்துக்கெழம சார்.

நான் தொண்டு மனத்தால் போகவில்லை. சீனியர் கண்ணில் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்றுதான் போனேன்.

எனக்குக் கொடுக்கப்பட்டவனுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. முதல் நான்கைந்து வாரங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். பிறகு ஒரு நாள் என் வீட்டு வழியாக நடந்து போனபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, "சார், ஒங்களுக்கு இல்லாட்டியும் கோட்டுக்குத் தெனம் வேலை இருக்கு போல, வெயில்ல நிக்குதே" என்றான். கட்சிக்காரர் யாரும் என்னைத் தேடி வராத காலம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் அவன் பேசினான்.

அவன் பேசினால் ஊரே வந்துபோகும். வார்டன் மாலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவதை அப்படியே செய்து காட்டுவான். மூக்குப்பொடி, தும்மல், தும்மலில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்குவது, கடைசியில் "முப்பதுதான் வருது, எவன்டா கொறையுறது?" என்ற அதட்டல். மொத்தம் முப்பத்தொரு பேர். குறைவது எப்போதும் வார்டன் எண்ண மறந்த யாரோ ஒருவன்தான். திருக்கோகர்ணம் வரை நடப்போம். வறுத்த பட்டாணி வாங்கித் தின்போம். பதினொன்றாவது எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பஸ் கண்டக்டராகப் போவேன் என்பான். எந்த பஸ் என்று கேட்டால் யோசிக்காமல் அறந்தாங்கி பஸ் என்பான். ஏன் அறந்தாங்கி என்று நான் கேட்டதில்லை.

மாதம் ஒரு முறை அவனைப் பார்க்க அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் வருவாள். அவன் தாயின் தங்கை என்று இல்லத்தில் எழுதியிருந்தார்கள். உறவினர் வந்தால் வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசலாம். அவள் பேசி நான் பார்த்ததில்லை. அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நேரமானதும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவாள்.

இல்லத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, குறிப்பேடு. ஞாயிறுதோறும் போகும்போது, பையன் எப்படி இருக்கிறான், என்ன சொன்னான் என்று நாங்கள் நாலு வரி எழுதிவைக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் கமிட்டி முன்பு அதைப் படிப்பார்கள். மற்றவர்கள் 'நலம், பாடம் சுமார்' என்று எழுதிவிட்டுப் போக, நான் பக்கம் பக்கமாக எழுதினேன். சீனியர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துவிட்டு, "எழுதுனா இப்படி எழுதணும்யா" என்று மற்றவர்களிடம் சொன்னார். ஒரு ஜூனியருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வக்கீல் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஆடி அமாவாசை. இல்லத்துக்குப் பெரிய உதவி செய்துவந்தவர் திருமயம் பக்கத்து வியாபாரி ஒருவர். பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் இருந்தால், செத்தவர்களுக்கும் தாகம், பிள்ளைகளுக்கும் ஆகாது என்பது அவர் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று தம் செலவில் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப்போய்ப் படிக்கட்டில் வரிசையாக உட்காரவைத்து, ஐயர் ஒருவரைக் கொண்டு தர்ப்பணம் செய்விப்பார். பிறகு வடை பாயசத்தோடு சாப்பாடு. பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அதனால் பிள்ளைகள் அந்த நாளைத் தீபாவளி போல எதிர்பார்த்திருப்பார்கள்.

அந்த ஆடி அமாவாசையில் அவனுக்குப் பின்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஐயர் தகப்பன் பெயரைச் சொல்லச் சொன்னார். அவன் உரக்கச் சொன்னான். கை வழியாக எள் தண்ணீரோடு இறங்கியது. தாய் பெயரைச் சொல்லச் சொன்னபோது அவன் உதடு மட்டும் அசைந்தது. விரல்களை இறுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் ஊற்றினான். எள் உள்ளங்கையிலேயே இருந்தது. அதை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

திரும்பி நடக்கையில் நாங்கள் இருவரும் பின்தங்கினோம். எள் ஏன் விழவில்லை என்று கேட்டேன். விழுந்ததே என்றான். நான் பார்த்தேன் என்றேன். சட்டையில் இன்னும் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிவிட்டான்.

"எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"எங்காத்தா இருக்கு சார். மாசம் ஒருக்கா வருதுல்ல சின்னாத்தா, அதுதான்."

மற்றதை நடந்துகொண்டே சொன்னான். தகப்பன் இலுப்பூர்ப் பக்கம் கிணறு வெட்டும் ஆள். மண் சரிந்து செத்துப்போனான். தாயோ தகப்பனோ ஒருவர் இருந்தாலும் இல்லத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, கிராம முன்சீப்பின் காலில் விழுந்து இருவரும் இல்லை என்று எழுதி வாங்கினாள் தாய். பிறகு அறந்தாங்கிக்குப் போய்விட்டாள். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அரிசி ஆலையில் நெல் அவிக்கிறாள். பிள்ளையை வைத்துக்கொண்டு சோறு போட அந்தக் கூலி காணாது. "பதினொண்ணாவது முடிக்கிறவரைக்கும் நான் ஒனக்குச் சின்னாத்தாதான்" என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். எள்ளைப் பற்றி மட்டும் அவளிடம் அவன் சொன்னதில்லை. உயிரோடு இருப்பவளுக்கு இறைத்தால் அவள் செத்துப்போவாள் என்று மற்றப் பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறான். இரண்டு வருடமாக இப்படிக் கைக்குள் ஒளித்துத்தான் அவளைக் காப்பாற்றி வந்தான்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளை நான் மறக்கவில்லை. அவன் என்னிடம் எதையும் ஒளிக்காமல் பேசினான். ஆத்தா வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி, அவள் காலில் ஆவி பட்டு வெந்த தழும்பைப் பற்றி. வெளியில் சின்னாத்தா என்று சொல்லிச் சொல்லி, கனவில்கூட அப்படிக் கூப்பிட்டுவிட்டேன் சார் என்று சிரித்தான்.

மூன்றாவது ஞாயிறு குறிப்பேட்டை எடுத்தேன். எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று எனக்கு நானே பல ஆண்டுகள் பல பதில்கள் சொல்லிப் பார்த்தேன். விதி தவறானது, தாய் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடம் வேண்டும், கமிட்டி உண்மையை அறிந்தால் விதியை மாற்றும் என்பதெல்லாம் எழுதிய பிறகு நான் தேடிக்கொண்ட காரணங்கள். எழுதும்போது மனத்தில் ஒரு வாக்கியம்தான் இருந்தது. 'இச்சிறுவன் தன் தாய்க்கு எள் இறைக்கவில்லை. இறைக்க வேண்டிய துர்ப்பாக்கியம் அவனுக்கு இன்னும் நேரவில்லை.' இரண்டு வாரமாக அந்த வாக்கியம் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சீனியர் உரக்கப் படிப்பதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

அவர் படித்தார். கூட்டத்தில் யாரும் பாராட்டவில்லை. பெரியவரின் முகம் மாறிப்போயிற்று.

விதி மீறப்பட்டதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவர் பயம் வேறு. "என் காசுல எள்ளு வாங்கி, உசிரோட இருக்கிறவளுக்கு ஒரு பிள்ளைய எறைக்க ஒக்கார வச்சிருக்கேனே, அந்தப் பாவம் எங்க போயி நிக்கும்?" என்றார். பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்துவிட்டு, எழுதியது பொய், ஆத்தா செத்துவிட்டது என்றான். சீனியர் என்னிடம், நீ என்ன சொல்கிறாய் என்றார். அந்தப் பையன் விளையாட்டுக்குச் சொன்னதை நான் நம்பிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். "அவன் சொன்னதை எழுதினேன். உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது" என்றேன். கோர்ட்டில் செல்லக்கூடிய பதில்.

பெரியவர்தான் வழி சொன்னார். அடுத்த மாதம் மாளய அமாவாசை. அந்தச் சின்னாத்தாளையும் வரச்சொல்லிக் குளக்கரையில் நிறுத்துவோம், அவள் முன்னால் பையன் தாய்க்கு இறைக்கட்டும் என்றார். பெற்றவளாக இருந்தால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள், பிள்ளையாக இருந்தால் இறைக்க மாட்டான். பத்திரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அவர் கொடுமைக்காரர் இல்லை. தாய் என்று தெரிந்தால் இருவரையும் தம் ஊருக்கு அழைத்துப்போய் ஏதாவது வேலை போட்டுக் கொடுக்கலாம் என்றுகூட அவர் நினைத்திருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், உண்மை தெரிந்தால் பிள்ளை தெருவில் நிற்பான் என்பது மட்டும்தான்.

மாளய அமாவாசையன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். எதற்கு வரச்சொன்னார்கள் என்று குளக்கரையில்தான் அவளுக்குச் சொன்னார்கள். அவன் ஒருவன் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கமிட்டிக்காரர்களும் நானும் மேல்படியில் நின்றோம். ஐயர் தகப்பன் பெயரை முடித்துவிட்டுத் தாய் பெயரைச் சொல்லச் சொன்னார். அவன் கையைக் குவித்தபடி இருந்தான். எள் கையில் இருந்தது. தண்ணீர் ஊற்ற ஐயர் செம்பைச் சாய்த்தபடி காத்திருந்தார். அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் இரண்டு படி இறங்கினாள். பெரியவரும் ஒரு படி இறங்கினார்.

"ஊத்துய்யா," என்றாள். "ஒங்காத்தா போயிச் சேந்து எம்புட்டோ நாளாச்சு. தண்ணி இல்லாமக் கெடக்குமில்ல. ஊத்து."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவன் அப்படியே இருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். எள் விழுந்தது. மூன்று முறை.

பெரியவர் அழுதுவிட்டார். தப்பா நினைச்சுட்டேன் தம்பி என்று அவன் தலையைத் தடவினார். அவளிடமும் மன்னிப்புக் கேட்டார். பையனுக்குப் புதுச் சட்டை வந்தது. இல்லத்தில் அவன் இடம் உறுதியாயிற்று. கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் மனம் லேசாகிவிட்டது. அவள் பஸ்ஸுக்குப் போகும் வழியில் என் அருகே நின்றாள். இல்லத்து வாசலுக்கு வெளியே வேறு யாரும் இல்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "நீங்கதான் அவங்கூடப் பேசுற சாருங்களா? நல்லாப் பாத்துக்கங்க. இனி நான் வரலைங்க. வந்தா எம்மொகத்துல தெரிஞ்சிரும்" என்றாள்.

அவள் வரவில்லை. நான் ஞாயிறுதோறும் போனேன். போகாமல் விட்டால் கேள்வி வரும் என்பதால் போனேன். அவன் நோட்டை விரித்துக் கணக்குப் போடுவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். வார்டனைச் செய்து காட்டுவதில்லை. முதல் நாலைந்து வாரங்களில் இருந்த பையனாகவே திரும்பவும் ஆகிவிட்டான். நான் குறிப்பேட்டில் 'நலம், பாடம் சுமார்' என்று எழுதினேன்.

தை மாதம் ஒரு நாள் கணக்கை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"சார், ஊத்துனா செத்துருமா?"

அதெல்லாம் மூடநம்பிக்கை என்றேன். படித்தவன் அல்லவா.

"அப்ப ஒரு தடவ போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இருக்கான்னு மட்டும் பாருங்க. பேச வேண்டாம்."

போகிறேன் என்றேன். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி ஒன்றரை மணி நேரப் பயணம். அடுத்த ஞாயிறு, போனீங்களா என்றான். கேஸ் இருந்தது என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். கேஸ் எதுவும் இல்லை. அவளை நேரில் பார்க்க எனக்கு முகமில்லை, அதுதான். மூன்றாவது ஞாயிறு அவன் கேட்கவில்லை. நான்காவது ஞாயிறு நான் போனபோது வார்டன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முந்தின மாலை எண்ணிக்கையில் முப்பதுதான் வந்தது என்றார். தும்மலில் தவறிவிட்டதோ என்று மூன்று தடவை எண்ணினாராம்.

அன்றே அறந்தாங்கிக்குப் போனேன். தாயைத் தேடித்தான் போயிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆலையின் பின்பக்கம் நெல் அவிக்கும் அண்டாக்களுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க, வாங்க. புள்ள சொல்லிவிட்டானா? நல்லா இருக்கானா?"

அவன் அங்கே வரவில்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்று பார்க்கப் பயந்து எங்கேயோ போயிருப்பான். அல்லது வந்து, தூரத்திலிருந்து பார்க்கக்கூடத் துணியாமல் திரும்பியிருப்பான். எனக்குத் தெரியாது. ரயிலேறி வடக்கே போனானா, தெற்கே கடலோரம் மண்டபத்துப் பக்கம் போனானா, யாருக்கும் தெரியாது. போலீசில் எழுதிக்கொடுத்தோம். ஒன்றும் வரவில்லை.

உண்மையை எழுதித்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். இப்போது உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். "நல்லா இருக்கான். நல்லாப் படிக்கிறான்" என்றேன்.

அவள் உள்ளே ஓடி ஓலைப்பெட்டியில் மாவுருண்டை போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கொடுத்தேன். பெட்டி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அதன்பின் ஒரு பொய் அடுத்த பொய்யைப் பெற்றது. சின்னாத்தாளுக்குத் தெரிவித்துவிட்டதாக இல்லத்தில் சொன்னேன். மாதம் ஒரு போஸ்ட்கார்டு போட்டேன். ஆலைக் கணக்குப்பிள்ளை அவளுக்குப் படித்துச் சொல்வார். ஒன்பதாவது பாஸ் என்று எழுதினேன், பத்தாவது என்று எழுதினேன். பதினொன்றாவது முடித்த வருடம் அவன் வந்துவிடுவான் என்று காத்திருப்பாளே என்று எண்ணி, பம்பாய்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான், லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். அவள் அவ்வப்போது அறந்தாங்கி பஸ் கண்டக்டரிடம் எதையாவது கொடுத்துவிடுவாள். முறுக்கு, ஒரு தடவை ஒரு துண்டு. பெரிய ஆளா ஆயிருப்பானே, அளவு தெரியல, அதான் துண்டு என்று கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அவன் ஆசைப்பட்ட வேலையில் இருந்த ஒருவர் கையிலிருந்துதான் வாங்கினேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது அறுபதுகளின் தொடக்கத்தில். ஆலையில் அவளுக்கு வேலை குறைத்துவிட்டார்கள். இருமிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதற்குள் தொழில் பிடித்துவிட்டது, சொந்தக் காரில் போயிருந்தேன். அவன் ஒரு கடிதாசிகூடப் போடலைங்க என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

"நாந்தானே ஊத்தச் சொன்னேன். அந்தக் கோவம் இருக்கும்ல. இருக்கட்டும். எங்கிட்டோ நல்லா இருந்தாப் போதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோபம் உன் மேல் இல்லை, என் மேல்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். கார் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான். தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கணக்குப்பிள்ளையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மாள் தவறிவிட்டார், பதினாறாம் நாள் காரியம் இன்ன தேதியில், தங்களிடம்தான் விலாசம் இருக்கிறது, மகனுக்குத் தெரிவித்துத் தாங்களும் வரவும் என்று எழுதியிருந்தார். மகன் என்றே எழுதியிருந்தார். கடைசிக் காலத்தில் யாரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

போகவில்லை. காரணத்தை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எப்படியோ கேள்விப்பட்டு அவன் அங்கே வந்திருப்பானோ என்று பயந்தேன். செய்தி போய்ச் சேர்ந்திருக்க வழியே இல்லை என்று தெரியும். இருந்தும் அந்தத் தேதி வந்தபோது காரை வெளியே எடுக்கச் சொல்லி, ஏறாமலே திரும்ப உள்ளே விடச் சொன்னேன். அன்று அவளுக்கு யார் தண்ணீர் இறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளையைக் கேட்டு எழுதியிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.